இம்மிக் கொசு

தரமணியில், ஏசி இரைகிற அறையில்,
மே மாதம் முழுக்க
என் கொசுக்கள் செத்துக்கொண்டிருந்தன.
பதினேழாம் தேதி காலை
ஓட்டேரிக் கால்வாய்க் கரையில் மீதம்:
ஒரு கொசுவில் லட்சத்தில் நான்கு பங்கு.

அதற்குத் தமிழில் பெயர்கள் இருந்தன.
மாகாணி, முந்திரி, கீழ்முந்திரி,
அதற்கும் கீழே இம்மி.
நெல் அளந்தவர்கள் விட்டுப்போன சொல்,
இப்போது வீம்புக்கு மட்டும்தான்:
இம்மியும் நகரமாட்டேன்.
நான் எடுத்துக்கொண்டேன்.
ஓர் இம்மிக் கொசு.
ஒரு காலில் ஒரு மயிரின் நுனி.

சமன்பாடு அதைச் சாக விடாது.
சுழியத்தின் பக்கத்தில் போகத் தெரியும் அதற்கு,
தொடத் தெரியாது.
அக்டோபர் மழையை ஏற்றியதும்
அந்த நுனி இறக்கை முளைத்து
இணை தேடாமலே பெருகி
தாங்குதிறன் கோட்டில் போய் முட்டி நின்றது.
வரைபடம் அழகாக இருந்தது.
அழகாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள்.

எட்டியப்பன் சொல்லவில்லை.
மாநகராட்சி ஒப்பந்தக் கூலி.
நீளக் காம்பு வைத்த வெள்ளைக் கரண்டி, ஒரு டார்ச்,
பதினொரு தெருக்களின் தண்ணீர் அவன் கணக்கில்.
"அரைக் கொசுவே பறக்காது மேடம்.
இது இன்னா கடிக்கும்?"

வெயிலில் கவிழ்ந்து கிடந்த ஒரு ரோஸ் குடத்தை நிமிர்த்தி
உள்ளே பழைய தண்ணீர் நின்ற கோட்டை
நகத்தால் சுரண்டினான்.
நகக்கண்ணில் கரித்தூள்.
"எங்கயும் போல. இங்கதான் கீது."
மாதக்கணக்கில் காய்ந்து காத்திருக்கிற முட்டை.
அதற்கு என்னிடம் ஒரு வரிகூட இல்லை.
சேர்த்தேன். கோடு கோணலானது,
ஓட்டேரியைப் போலவே.

பிறகு மருந்துமணல்.
முதல் வருடம் நூறு புழுக்களைப் போட்டால்
விடிவதற்குள் தொண்ணூற்றொன்பது அடியில் கிடக்கும்.
ஒன்று மட்டும் காற்புள்ளியாக வளைந்து
மேலே வந்து மூச்சுவிடும்.
நான்காம் வருடம் நாற்பத்தொன்று.
யாரும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை.
சாகாதவை பெற்றன,
பெற்றவை சாகவில்லை.
இதை எழுத எனக்கு இரண்டு பக்கம் ஆனது,
அதிலும் ஒரு குறி பிழை.

ஜனவரியில் வரிசைகள் நின்றன.
நூற்று அறுபத்து மூன்று வீடுகள்.
சுழியம் என்றால் சுழியம் என்று போடுவான்.
இது வெற்றுக் கட்டங்கள்.
போன் செய்தேன்.
"பெரும்பாக்கம் வந்துட்டோம் மேடம்.
எட்டாவது மாடி. லிஃப்ட் ஓடல."
அந்தப் பதினொரு தெருக்களில் ஒன்றில்தான்
அவன் வீடு இருந்தது என்பது
எனக்கு அன்றுவரை தெரியாது.
தரவில் அதற்குக் கட்டம் இல்லை.

என் மாதிரியில் இடப்பெயர்வுக்கு ஓர் எழுத்து: எம்.
சிறிய எண், தினமும் ஒரே அளவு,
கசிகிற குழாய் மாதிரி.
நடந்ததோ ஒரே காலை, நாலு லாரி.
கட்டில், மிக்சி, கோழிக் கூண்டு,
எல்லாவற்றுக்கும் மேலே
கயிற்றில் கோத்த குடங்கள்,
ரோஸ், பச்சை, நீலம்,
உள்ளே அந்தக் காய்ந்த கோடு.

மழை வந்தது.
அவனுக்கு அங்கே அந்த வேலை இல்லை.
இருந்தும் மொட்டை மாடி டிரம்மில் கரண்டியை விட்டிருக்கிறான்,
மிச்சமிருந்த மருந்துமணலைத் தூவி
விடிய விடிய உட்கார்ந்திருக்கிறான்.
"நூத்துக்கு நாப்பத்து மூணு நீஞ்சுது மேடம்.
சந்தேகமே இல்ல,
நம்ம ஓட்டேரிதான்."
சொந்தக்காரன் பாஸானதைச் சொல்கிற குரல்.

எம்.
தமிழில் வாசித்தால் 'எங்கள்'.
அதற்கு எதிரே இருந்த எண்ணை அழித்தேன்.
இன்னும் எதுவும் போடவில்லை.